தலைக்குள் இரண்டு கம்பி

என் மண்டைக்குள் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அவற்றை உள்ளே வைத்தபோது நான் விழித்திருந்தேன். பேசிக்கொண்டும் இருந்தேன். இதைச் சொன்னால் எங்கள் ஜவ்வாது மலையில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர், தலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல இப்போது என் குரலில் பலம் போதவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் மலையிலேயே பிறந்து, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஊரில் எனக்கு பி.டி. சார் என்றுதான் பெயர். நான் 'அட்டென்ஷன்' என்று கத்தினால் மைதானத்துக்கு வெளியே மேய்கிற ஆடுகளும் விறைத்து நிற்கும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு நோய் வந்ததை முதலில் கண்டுபிடித்தது எங்கள் தலைமையாசிரியை. ஒரு குடியரசு தின அணிவகுப்பில் முன்னால் நடந்து போனேன். முடிந்ததும் அருகே வந்து, "சார், உங்க வலது கை இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். இடது கை வீசியதாம். வலது கை இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். எனக்குத் தெரியவே இல்லை.

பிறகு கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. யாரோ பீடி சுற்றுவது போல விரல்கள் தாமாகவே உருண்டன. வேலூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். நரம்பு டாக்டரம்மா என்னை நடக்கவிட்டு, கையை மடக்கி நீட்டிப் பார்த்து, "இது பார்கின்சன் நோய்" என்றார்.

கூட வந்திருந்தவன் என் மனைவி மல்லிகாவின் தம்பி முனிரத்தினம். மலைக்கும் அடிவாரத்துக்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். அவன் திடுக்கிட்டு, "பார்க்கிங்கா? வண்டி வுடற எடம்தானே அது? மாமாவுக்கு இன்னா சம்பந்தம்?" என்று கேட்டான்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நம் அசைவுகள் தடங்கலில்லாமல் நடக்க டோபமின் என்று ஒரு ரசாயனம் மூளையில் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோவதுதான் இந்த நோய். குறைவதை மாத்திரையால் ஈடுகட்டலாம். போன செல்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. முனிரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மலையேறி வந்ததும் ஊர் முழுக்க, "மாமாவுக்கு பார்க்கிங் வந்துட்டுக்கீது" என்று சொல்லிவிட்டான்.

பின்னாளில் அவன் சொன்னது ஒருவிதத்தில் சரியாகவே போனது. முதல் சில வருஷங்கள் மாத்திரை அருமையாக வேலை செய்தது. அப்புறம் ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவே உடம்பு அப்படியே நின்றுவிடும். வாசற்படிக்கு வந்தால் இரண்டு கால்களும் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனசு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கால் வெளியிலேயே நிற்கும். பின்னால் யாராவது தள்ளினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

இதற்கு மல்லிகாதான் வழி கண்டுபிடித்தாள். ஒருநாள் நான் குளியலறை வாசலில் நட்டுவைத்த கம்பம் போல நின்றேன். பின்னால் அவள் துணிக்கூடையோடு காத்துக்கொண்டிருந்தாள். எரிச்சலில், "லெப்டு! ரைட்டு! லெப்டு!" என்று அதட்டினாள். கால்கள் கிளம்பிவிட்டன. அப்படி வெளியிலிருந்து வரும் தாளம் நின்றுபோன காலைக் கிளப்பிவிடும் என்று டாக்டரும் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டில் நான் மாணவன், அவள் பி.டி. டீச்சர். அவளுக்கு அந்த வேலை ரொம்பவே பிடித்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாத்திரையின் அளவைக் கூட்டியதும் வேறொரு தொல்லை வந்தது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளியும். தலை சுழலும், தோள் குலுங்கும். இது நோயின் நடுக்கம் இல்லை, மருந்து கொண்டுவரும் ஆட்டம். எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் சரியாகப் பம்பை அடிக்கிற நேரத்தில் எனக்கு அது வந்தது. யாரோ "சாமி வந்துடுச்சு!" என்றார்கள். ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்து, "தாயே, எம் பொண்ணுக்கு மாப்ள அமையலியே, எப்ப அமையும்?" என்று அழுதார்.

நான் என்னால் முடிந்த குரலில், "யோவ், இது மாத்திரைய்யா. ஒரு மணி நேரத்துல எறங்கிடும்" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "மணியாம்! மாப்ள பேரு மணியாம்!" என்று கூவினார்.

அந்தப் பெண்ணுக்கு ஆலங்காயத்தில் ஒரு மணியைத் தேடிப் பிடித்து முடித்தார்கள். கல்யாணத்தில் எனக்குத்தான் முதல் தாம்பூலம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

இப்படிச் சிரிக்கிற மாதிரி எழுதுகிறேனே தவிர, அந்த நாட்களில் வீட்டில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. சட்டைப் பொத்தானை மல்லிகாதான் போட்டுவிட வேண்டும். சோறு பிசைந்து தர வேண்டும். படுத்தால் புரள முடியாது, அவள்தான் புரட்டிப் போட வேண்டும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தைவிட நின்றிருக்கிற நேரம் அதிகமாகிவிட்டது. மறுபடியும் வேலூர் போனபோது டாக்டரம்மா, "இனிமே ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "சமீபத்துல புதுசா ஏதாவது பழக்கம் வந்திருக்கா? சீட்டு, லாட்டரி, தேவையில்லாம சாமான் வாங்கறது, அந்த மாதிரி?"

ஆசிரியர் என்கிற கௌரவத்தோடு நிமிர்ந்து, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றேன்.

"கோழி, டாக்டர்" என்றாள் மல்லிகா.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கோழியா?"

"சந்தைக்குப் போனா கோழி வாங்கினு வர்றாரு. போவலன்னா சொல்லியனுப்பி வாங்கறாரு. சமையக்கட்டுல கோழி, கட்டிலு கீழ கோழி. மனுசன் வூடா இன்னா அது?"

"எத்தனை இருக்கும்?"

"எண்ணலாம்னா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது டாக்டர்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒரு வகை, சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைக் கிளப்பிவிடும் என்றார். சிலர் சூதாடுவார்களாம், சிலர் புடவை புடவையாக வாங்கிக் குவிப்பார்களாம். அந்த மாத்திரையைக் குறைத்தார். கொஞ்ச நாளில் கோழி ஆசை போய்விட்டது. கோழிகள் போகவில்லை. அவற்றை மல்லிகா ஒவ்வொன்றாகக் குழம்பு வைத்தாள்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். ஒன்றல்ல, பல வழிகள் இருந்தன. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் மூலம் பகலெல்லாம் மருந்து ஏற்றுவது ஒன்று. வயிற்றில் துளையிட்டு, குழாய் வழியாக மருந்தைக் குடலுக்கே அனுப்புவது இன்னொன்று. மூளையில் தொல்லை தரும் ஒரு சின்னப் புள்ளியைச் சூடுபடுத்திப் பொசுக்கிவிடுவது மூன்றாவது. இதையே தலையைத் திறக்காமல், ஒலி அலைகளை ஒரே இடத்தில் குவித்தும் செய்கிறார்கள். ஆனால் பொசுக்கியதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் செய்வார்கள். கடைசி வழிதான் ஆழ்மூளைத் தூண்டல். மூளையின் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி இறக்கி, மார்பில் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, விடாமல் லேசான மின்சாரம் கொடுப்பது. கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் அணைத்தும் விடலாம். இரண்டு பக்கமும் நோய் முற்றியிருக்கும் எனக்கு இது பொருந்தும் என்றார் டாக்டரம்மா.

முனிரத்தினம் உடனே, "எங்க மலையில கரண்டு அடிக்கடி போவுமே டாக்டர்? போனா மாமா நின்னுடுவாரா?" என்று கேட்டான். பேட்டரியை ஒருமுறை சார்ஜ் செய்தால் சில நாட்கள் தாங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

அப்புறம் டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "மாத்திரை எதைச் சரி பண்ணுதோ, அதைத்தான் இதுவும் பெரும்பாலும் சரி பண்ணும். நோய் குணமாகாது. தள்ளாட்டம் போகாது. அபூர்வமா மூளையில ரத்தக்கசிவு வரலாம், கிருமி தொற்றலாம். அப்புறம் உங்க பேச்சு. இப்பவே குரல் இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் இறங்கலாம்."

ரத்தக்கசிவு என்றதைவிடக் குரல் என்றது என்னை உலுக்கிவிட்டது. உடம்பில் எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு என்ன செய்யப் போகிறேன்?

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனோம். மல்லிகாதான் ஆரம்பித்தாள். "அவ்ளோ வருசம் மலையே கேட்டாச்சு உங்க கொரல. இன்னுமா கேக்கணும்?"

நான் முறைத்தேன். முறைக்கிற அளவுக்கு முகத் தசைகள் அசைந்தனவா என்று தெரியவில்லை. இந்த நோயில் முகமும் இறுகிப்போகும். அவள் சாம்பார் வாளியை எடுக்கக் கையை நீட்டினாள். வலது கை பாதியிலேயே நின்றது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இன்னாச்சு கைக்கு?"

"ஒண்ணுமில்ல. தோள்பட்ட."

"எப்பலேர்ந்து?"

"உங்களப் பொரட்டிப் பொரட்டிப் போட்டு அது போயி ரொம்ப நாளாச்சு. சாப்புடுங்க, இட்லி ஆறுது."

அவள் தலைமுடியை ஏன் சில மாதங்களாகப் பின்னாமல் வெறுமனே முடிந்துகொள்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். திரும்பப் போய், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று சொன்னேன். பணம் எப்படிப் புரண்டது என்பதை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். ஓய்வூதியர் காப்பீடும், சென்னையிலிருக்கும் எங்கள் மகளும், அந்த வருஷத்துப் புளி விற்ற காசும் சேர்ந்து கரையேற்றினார்கள். அது போதும்.

எடுத்த எடுப்பில் ஆபரேஷன் செய்துவிட மாட்டார்கள். அதற்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். முதல் நாள் மாலையிலிருந்து மாத்திரையை நிறுத்திவைத்து, மறுநாள் காலை நான் கட்டையாகக் கிடக்கும்போது வீடியோ எடுத்தார்கள். பிறகு நிறைய மாத்திரை கொடுத்து, நான் எழுந்து நடமாடுவதையும் எடுத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் கம்பியும் பலன் தரும் என்று கணக்கு. எனக்கு வித்தியாசம் பிரமாதமாக இருந்தது. முனிரத்தினம் அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஞாபகசக்திக்கும் பரீட்சை இருந்தது. ஒரு பெண் எதிரே உட்கார்ந்து, ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் தெரியுமோ சொல்லுங்கள் என்றார். கரடி, கடமான், முள்ளம்பன்றி, மரநாய், தேவாங்கு என்று எங்கள் காட்டிலிருந்து தொடங்கினேன். அவர் 'போதும் சார்' என்றார். அமிர்திக் காட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது என்றேன். "டைம் முடிஞ்சிடுச்சு சார்" என்றார். நான் கீரிப்பிள்ளையையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆபரேஷன் அன்று தலையை மழித்தார்கள். "திருப்பதி போய்ட்டு வந்தா மாதிரி கீற மாமா" என்று முனிரத்தினம் சொன்னான். சொன்னவனின் கண் கலங்கியிருந்தது. மல்லிகா என் மொட்டைத் தலையில் கை வைத்து அழுத்தினாள், அவ்வளவுதான். நான்தான் "வர்றேன்" என்றேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, தலையைச் சுற்றி ஒரு இரும்பு வளையத்தைத் திருகி மாட்டினார்கள். கம்பி இறங்கும் இடம் இம்மியும் பிசகக் கூடாது என்பதற்காக. ஊசி போடும்போது வலித்தது. திருகும்போது வலியில்லை, இறுக்கம்தான். மண்டையில் துளை போடும்போதும் வலியில்லை. ஆனால் சத்தம்! போர்வெல் லாரி ஒன்று என் தலைக்குள்ளேயே நின்றுகொண்டு வேலை செய்தது. தண்ணீர் வந்துவிடுமோ என்று நான் கேட்டேன். சர்ஜன், "வராம பாத்துக்கறோம் சார்" என்றார்.

மூளைக்கு வலி தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பயத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. மாத்திரை நிறுத்தியிருந்ததால் கை கால்கள் விறைத்துக் கிடந்தன. அப்போது பக்கத்துக் கருவியின் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை பெய்வது போல. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா குனிந்து, "சார், இதுதான் உங்க மூளை செல்லுங்களோட சத்தம். நாங்க தேடற எடம் வந்துடுச்சு" என்றார். என் தலைக்குள் மழை பெய்வதை நானே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் இளம் டாக்டர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "மூடுங்க, திறங்க, சார், மூடுங்க" என்றார். எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது போல இருந்தது. பல வருஷமாகக் கல்லாக இருந்த மணிக்கட்டு இளகியது. விரல்கள் விரிந்தன. மறுபடி மூடின. மறுபடி விரிந்தன. என் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைக்க முடியாதபடி தலை மாட்டியிருந்தது.

அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. "தம்பி, கமாண்டு சரியில்ல. முதல்ல இழுத்துச் சொல்லணும், அப்புறம் வெட்டிச் சொல்லணும். கையை... மூடு! அப்படி" என்றேன்.

"சார், தலையை ஆட்டாம சொல்லிக் குடுங்க" என்றார் சர்ஜன் பின்னாலிருந்து.

மின்சாரத்தைக் கூட்டிக்கூட்டிப் பக்க விளைவு வருகிறதா என்று பார்த்தார்கள். ஓர் அளவில் என் நாக்கு தடித்துப்போய், வாரத்தின் நாட்களைச் சொல்லச் சொன்னால் செவ்வாய்க்கிழமையிலேயே சிக்கிக்கொண்டேன். குறைத்ததும் புதன் வந்தது. இன்னோர் அளவில் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. "இன்னா சார், ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். சிலருக்கு அந்த இடத்தில் அப்படி ஆகும் என்று சொல்லி நிறுத்தினார்கள். நின்ற பிறகு எனக்குக் கட்டிலுக்கடியில் இருந்த கோழிகள் ஞாபகம் வந்து, மின்சாரம் இல்லாமலே சிரித்தேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, மார்பில் பேட்டரி வைத்துத் தைத்தார்கள்.

கண் விழித்தபோது கை ஆடவில்லை. பேட்டரியை இன்னும் முடுக்கவே இல்லை என்றார்கள். முனிரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, பேட்டரி இல்லாமலே வண்டி ஸ்டார்ட் ஆய்டுச்சு! கழட்டித் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான். டாக்டரம்மா விளக்கினார். கம்பி இறங்கிய இடத்தில் லேசான வீக்கம் இருக்கும். அதனாலேயே நோய் சில நாட்கள் அடங்கியிருக்கும். வீக்கம் வடிந்ததும் பழையபடி வரும். அப்போதுதான் பேட்டரியை முடுக்குவோம், பயப்படக் கூடாது.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். ஆனால் மலைக்கு வந்து, நானே சட்டை போட்டுக்கொண்டு, நானே தோசை பிய்த்துத் தின்ற அந்த நாட்களில் அதெல்லாம் மறந்தே போனது. ஒருநாள் காலை பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. விரல்கள் உருள ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் வாசற்படியில் பழையபடி நின்றுவிட்டேன். மல்லிகா பின்னால் வந்து நின்றாள். கமாண்டு கொடுக்க வாயைத் திறந்தாள். அப்படியே என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் முன்பே சொன்னதுதான். இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன, எல்லாம் வீணாகப் போய்விட்டது என்றே மனம் அடித்துச் சொன்னது.

குறித்த நாளில் முனிரத்தினம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன் பேசாமல் வந்தது அன்று ஒருநாள்தான்.

டாக்டரம்மா என் மார்பின் மேல் ஒரு கருவியை வைத்தார். கையில் இருந்த சின்னத் திரையில் எதையோ தட்டினார். விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது, அடங்கியது. கொஞ்சம் கூட்டினார். கை சற்று நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு தூங்கப் போகும் குழந்தை போல மெல்ல மெல்ல ஓய்ந்து மடியில் கிடந்தது. இன்னும் கூட்டியபோது தொண்டை இழுத்தது, குறைத்தார். "ஒரே நாள்ல எல்லாம் ஆகாது. பல தடவை வந்து சரி பண்ணணும்" என்றார்.

மல்லிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ராத்திரியில தானா பொரண்டுக்குவாரா டாக்டர்?"

"முயற்சி பண்ணுவாரு."

புரண்டேன். முதல் சில இரவுகளில் இல்லை, கொஞ்ச நாள் கழித்து. ஒரு காலையில் மல்லிகா எழுந்து உட்கார்ந்து, "இன்னாங்க, என்ன எழுப்பவே இல்லியே?" என்று பயந்துபோய்க் கேட்டாள். வெளியே நன்றாக வெயில் ஏறியிருந்தது. அவள் தோளுக்கு இப்போது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். சொன்னதைக் கேட்பதில்லை.

என் நோய் போகவில்லை. மாத்திரை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, நெளிகிற ஆட்டம் அடங்கிவிட்டது. திரும்பும்போது இன்றும் தள்ளாடுகிறேன். குரல் அவர்கள் சொன்னபடியே இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும். ஆனால் நடந்து போகிறேன்.

சென்ற முறை பேட்டரியைச் சரிபார்க்கப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்தில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். கண்ணமங்கலம் பக்கத்துக்காரர். அவரையும் ஆபரேஷனுக்கு யோசிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். என் தலையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். "வலிக்குமாங்க? பொழச்சு வந்துடுவாராங்க? சரியாயிடுமாங்க?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்தம்மா என் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டார். கணவர் மட்டும் எதையும் கேட்காதவர் போல, முகம் அசையாமல், கையில் இருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத்தான் முயன்றார். டம்ளர் உதட்டுக்கு வருவதற்குள் பாதி வேட்டியில் கொட்டியது. அந்தம்மா பதறித் துண்டைத் தேடினார்.

நான் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. என் வலது கையில் டீ நிற்கிறது. ஒரு சொட்டுகூடத் ததும்பவில்லை. அதை மெல்ல அவர் உதட்டருகே கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அந்தம்மா டீயைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு, வெகுநேரம் கழித்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"சக்கரையே போடல" என்றார்.